கூரிலிருந்து திரானோவுக்கு: பெர்னினா மலை ரயில் கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் புறப்பட்டு, அல்புலா, பெர்னினா என்று இரண்டு மலைகளைத் தாண்டி, இத்தாலியின் திரானோவில் போய் நிற்கும் ரயில் பாதையைப் பற்றிய கேள்விகள் இவை. (எழுத்தைப் பார்த்துச் 'சூர்' என்று கேட்டால் அங்கே யாருக்கும் புரியாது, ஊர்க்காரர்கள் வாயில் அது 'கூர்'.) அல்புலா, பெர்னினா இரண்டு பாதைகளையும் யுனெஸ்கோ 2008-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி: சார், பெர்னினா எக்ஸ்பிரஸில் நாங்கள் போகும் தேதிக்கு ஒரு சீட்கூட இல்லை. பயணத் திட்டத்தையே மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்பது தனிப் பாதை அல்ல. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டிகள் ஓடும் ஒரு வண்டி, அவ்வளவுதான். அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகள் ஏறக்குறைய மணிக்கு ஒன்று ஓடுகின்றன. கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை ஒரு வண்டி, சுமார் 2 மணி நேரம். அங்கே மாறி திரானோவுக்கு இன்னொன்று, இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பதிவு கிடையாது, முன்பதிவுக் கட்டணமும் கிடையாது.

இடம் கிடைத்தால்கூட முதல் முறை போகிறவர்களுக்கு நான் சாதாரண வண்டியைத்தான் சொல்வேன். எக்ஸ்பிரஸில் முன்பதிவு அந்த ஒரு வண்டிக்கு மட்டும். நடுவில் இறங்கினால் அந்த சீட் போனதுதான். சாதாரண வண்டியில் பிடித்த இடத்தில் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து அடுத்ததில் ஏறலாம். இந்தப் பாதையின் அழகு பாதிக்குமேல் இறங்கிப் பார்ப்பதில் இருக்கிறது. கோடையில் சில சாதாரண வண்டிகளில் கூரையில்லாத மஞ்சள் பெட்டிகளையும் இணைக்கிறார்கள். அதற்கு எந்தக் கண்ணாடிப் பெட்டியும் ஈடாகாது.

கேள்வி: எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

கூரிலிருந்து திரானோ போகும்போது வலப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம்.

காரணத்தோடு சொல்கிறேன். ஃபிலிசூர் வருவதற்குச் சற்று முன் லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், 6 வளைவுகள். 100 மீட்டர் ஆரத்தில் வளைந்துகொண்டே போய், செங்குத்தான பாறைச் சுவரில் இருக்கும் சுரங்க வாய்க்குள் நேராக நுழைகிறது. வலப்பக்கம், அதுவும் கடைசிப் பெட்டிகளில் இருந்தால், உங்கள் வண்டியின் எஞ்சின் பாறைக்குள் மறைவதையும், காலுக்குக் கீழே கல்தூண்கள் இறங்குவதையும் ஒரே பார்வையில் காணலாம். முன்பெட்டியில் இருப்பவர்கள் சுரங்கத்துக்குள் போய்விட்டிருப்பார்கள். மொத்தக் காட்சியும் அரை நிமிடம்கூட இல்லை. ஆகவே தீஃபன்காஸ்டெல் தாண்டியதுமே கேமராவைக் கையில் எடுத்துவிடுங்கள்.

அடுத்து மோர்ட்டராட்ஷ் பனியாறு, லாகோ பியாங்கோ ஏரி, ஆல்ப் கிரூமிலிருந்து தெரியும் பாலூ பனியாறு, புரூசியோவின் வட்டப் பாலம், எல்லாமே வலப்பக்கம். விதிவிலக்கு பொஸ்கியாவோ ஏரி. தண்டவாளம் அதன் மேற்குக் கரையில் ஓடுவதால் தண்ணீர் இடப்பக்கம் வரும். செயின்ட் மோரிட்ஸில் வண்டி புறப்படும் இடம் என்பதால் 15 நிமிடம் முன்னால் போனால் வலப்பக்க ஜன்னல் கிடைத்துவிடும்.

கேள்வி: பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் நடுவில் அதே கிராமம் மறுபடி மறுபடி தெரியும் என்கிறார்களே, ஏன்?

பெர்கூன் 1,373 மீட்டர் உயரத்தில், பிரேடா 1,789 மீட்டரில். 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், ஆனால் பள்ளத்தாக்கு வழியாகத் தூரம் ஆறரை கிலோமீட்டர்தான். 1903-இல் திறந்த இந்தப் பகுதி நீராவி எஞ்சினை நம்பிப் போட்ட பாதை. 100 மீட்டருக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். அதனால் பாதையைச் சுருட்டி ஏறக்குறைய இரு மடங்கு நீட்டினார்கள். வண்டி மலைக்குள் சுரங்கத்தில் வட்டமடித்து, தான் வந்த தண்டவாளத்துக்கு மேலேயே வெளியே வரும். பெர்கூன் தேவாலயக் கோபுரம் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், ஒவ்வொரு முறையும் இன்னும் சின்னதாக. இந்த ஒரு இடத்தில் பக்கம் பார்க்காதீர்கள், எழுந்து நில்லுங்கள்.

நடக்க முடிந்தவர்கள் பிரேடாவில் இறங்கி, பெர்கூன் வரை ரயில் பாதையை ஒட்டிய நடைபாதையில் கீழ்நோக்கி வரலாம். பிரேடாவுக்கு அப்பால் அல்புலா சுரங்கம். பழையது 100 ஆண்டு தாண்டியதால் பக்கத்திலேயே புதிதாக ஒன்று குடைந்து 2024-இல் திறந்தார்கள்.

கேள்வி: நம்ம ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் இருக்குமா அண்ணா?

இல்லை தம்பி, அதுதான் இந்தப் பாதையின் பெருமை. கல்லாறு–குன்னூர் ஏற்றம் 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். அதை ஏறத் தண்டவாள நடுவில் பல்சட்டம் வேண்டியிருக்கிறது. பெர்னினாவில் ஏற்றம் 7 சதவீதம், பல் எதுவும் இல்லை. வெறும் இரும்பு மேல் இரும்பு. முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடும்படி கட்டி 1910-இல் முழுமையாகத் திறந்ததால் இது சாத்தியமானது. இப்போது இழுக்கும் 'அலெக்ரா' வண்டியில் 12 அச்சில் 8-க்கு மோட்டார் உண்டு. அவ்வளவு அச்சுகள் சேர்ந்து பிடிப்பதால்தான் சக்கரம் வழுக்காமல் ஏறுகிறது. அல்புலா பக்கம் 11,000 வோல்ட் மாறுமின்சாரம், பெர்னினா பக்கம் 1,000 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டிலும் ஓடும்படி அலெக்ராவைச் செய்திருக்கிறார்கள்.

பல்சக்கரம் பார்க்க ஆசையென்றால் கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு சுவிஸ் ரயில் போகும் வழியில், டிசென்டிசுக்கும் ஆண்டர்மாட்டுக்கும் நடுவே ஓபரால்ப் கணவாயில் உண்டு. நீலகிரியில் இருக்கும் அதே 'ஆப்ட்' பல்சட்ட முறை. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் சுவிஸின் விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவைதான்.

கேள்வி: அண்ணா, நாங்கள் பேர்ண் பக்கம் இருக்கிறம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில இருந்து ஆவணியில வருகினம். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் நோ. ஒரே நாளில திரானோ போய் வரலாமோ? ரிக்கெற் என்ன எடுக்கிறது?

ஒரே நாளில் வேண்டாம். பேர்னிலிருந்து சூரிச், அங்கிருந்து கூர், பிறகு மலைப் பாதை என்று போகவே 7 மணி நேரம் ஆகும். அதே தூரம் திரும்பி வர அப்பாவின் முழங்கால் இடம் தராது. செயின்ட் மோரிட்ஸுக்குப் பக்கத்து ஊரான பொன்ட்ரெசினாவில் ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் கூர் வழியாக அங்கே வந்து ஓய்வு. மறுநாள் காலை திரானோ, மதியச் சாப்பாடு, மாலையில் திரும்புதல். அலெக்ராவில் ஒரு பகுதி தாழ்தளம். சக்கர நாற்காலி அடையாளம் போட்ட கதவில் ஏற்றினால் படி ஏற வேண்டாம்.

பெற்றோருக்கு சுவிஸ் டிராவல் பாஸ் எடுக்கலாம். அது திரானோ வரை செல்லும். உங்களுக்கு அது கிடைக்காது, சுவிஸில் வசிக்காதவர்களுக்கு மட்டுமே விற்கிறார்கள். உங்களிடம் ஹல்ப்டாக்ஸ் (அரைக்கட்டண அட்டை) இருந்தால் ஸ்பார்-டாகெஸ்கார்டே என்ற சலுகை விலை ஒருநாள் பாஸைப் பாருங்கள். முன்கூட்டியே எடுத்தால் விலை குறைவு, நாள் நெருங்க நெருங்க ஏறும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து 6 நாள் வருகிறோம், இரண்டு பிள்ளைகள். பாஸ் லாபமா, அரைக்கட்டண அட்டை லாபமா?

ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். சுவிஸ் ரயில்வே செயலியில் நீங்கள் போகும் ஒவ்வொரு பயணத்தின் முழுக்கட்டணத்தையும் எழுதிக் கூட்டுங்கள். அதில் பாதியோடு அரைக்கட்டண அட்டையின் விலையைச் சேருங்கள். அந்தத் தொகை பாஸ் விலையைவிடக் குறைந்தால் அட்டை, கூடினால் பாஸ். தினமும் ஊர் ஊராக ஓடுகிறவர்களுக்குப் பாஸ் கட்டும். ஒரே ஊரில் தங்கி, யுங்ஃப்ரௌயோக் போன்ற உச்சிகளுக்கு ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அட்டைதான் கட்டும். ஏனென்றால் பாஸ் வைத்திருந்தாலும் கிரிண்டல்வால்டு, வெங்கனுக்கு மேலே யுங்ஃப்ரௌயோக் வரை இலவசம் இல்லை, 25 சதவீதத் தள்ளுபடிதான்.

பிள்ளைகள் 16 வயதுக்குக் கீழ் என்றால் பாஸோடு 'ஃபேமிலி கார்டு' கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனிக் காசு இல்லை, பெற்றோருடன் போகும்போது அவர்களுக்கும் டிக்கெட் வேண்டாம். கேட்காமல் விட்டுவிட்டு ரயிலில் முழித்தால் பயனில்லை. இன்னொன்று: எக்ஸ்பிரஸ் வண்டிகளின் முன்பதிவுக் கட்டணம் பாஸில் அடங்காது, பிள்ளைகளுக்கும் சீட் உண்டென்றால் கட்டணம் உண்டு.

கேள்வி: திரானோ இத்தாலியில் இருக்கிறதே, விசா தனியாக வேண்டுமா?

வேண்டாம். இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதி. ஒற்றை நுழைவு விசாவே போதும், எல்லை தாண்டுவது 'வெளியேறுவது' ஆகாது. ஆனால் பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள், வண்டியில் சோதனை நடக்கலாம். பாஸ் சரிபார்க்கவும் கேட்பார்கள். விண்ணப்பம், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு இடத்தில்தான் இறங்க நேரம் இருக்கிறது. எது?

ஓஸ்பிட்சியோ பெர்னினா. 2,253 மீட்டர், பாதையின் உச்சி. வண்டியை விட்டு இறங்கினால் எதிரே லாகோ பியாங்கோ. பனியாறு அரைத்த பாறைத் தூள் கலந்து, மோர் தெளித்ததுபோல் வெளுத்த தண்ணீர். பெயருக்கே 'வெள்ளை ஏரி' என்றுதான் பொருள். பக்கத்திலேயே லேய் நைர், 'கறுப்பு ஏரி'. இரண்டுக்கும் நடுவே ஓடுவது நீர் பிரியும் வரம்பு. கறுப்பு ஏரித் தண்ணீர் இன், டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும், வெள்ளை ஏரித் தண்ணீர் போ ஆற்றின் வழியாக அட்ரியாட்டிக் கடலுக்கும் போகிறது.

அங்கிருந்து ஏரிக்கரையோடு ஆல்ப் கிரூம் நிலையம் வரை நடக்கலாம், இரண்டு மணி நேரத்துக்குள். பெரும்பாலும் சமதளமும் இறக்கமும்தான். ஆகஸ்டிலும் காற்று குத்தும், காற்றுத் தடுக்கும் மேல்சட்டை அவசியம். ஆல்ப் கிரூமுக்குச் சாலை கிடையாது, ரயிலும் நடையும்தான். அங்கிருந்து கீழே பார்த்தால், நீங்கள் அடுத்து இறங்கப்போகும் தண்டவாளம் கொண்டை ஊசி வளைவுகளாகக் காட்டுக்குள் மடிந்து மடிந்து போவது தெரியும். உச்சியிலிருந்து திரானோவின் 429 மீட்டர் வரை, 38 கிலோமீட்டரில் 1,800 மீட்டருக்கு மேல் இறக்கம்.

சின்ன நிலையங்கள் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். பெட்டிக்குள்ளும் நடைமேடையிலும் பொத்தான் இருக்கும். அழுத்தாமல் காத்திருந்தால் வண்டி தாண்டிப் போய்விடும், அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கேள்வி: படமெல்லாம் கண்ணாடியில் பிரதிபலிப்போடு வருகிறது.

கருப்புச் சட்டை போடுங்கள், லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடியுங்கள், ஃபிளாஷை அணையுங்கள். நல்ல படம்தான் முக்கியம் என்றால் திறக்கும் ஜன்னல் உள்ள சாதாரணப் பெட்டி. தலையையும் கையையும் வெளியே நீட்டாதீர்கள், சுரங்கச் சுவர் மிக அருகில்.

கேள்வி: சைவச் சாப்பாடு?

கூர் நிலையத்திலேயே கடைகள் உண்டு. ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண வண்டியில் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உணவகத்தில் 'பிட்ஸோக்கெரி' கேளுங்கள். பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பட்டை, உருளைக்கிழங்கு, கீரை அல்லது முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி சேர்ந்தது, பொஸ்கியாவோ, திரானோ இரண்டிலும் கிடைக்கும். பார்லி சூப்பை நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் உலர்ந்த இறைச்சி போடுவார்கள். காய்கறி உருண்டைபோல் இலையில் சுற்றி வரும் 'கபுன்ஸ்'-உம் அப்படியே.

கேள்வி: திரானோவிலிருந்து மிலான் போய் அங்கே விமானம் பிடிக்கலாமா?

தாராளமாக. மலை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அதே சதுக்கத்தில் இத்தாலிய ரயில் நிலையம். மிலான் சென்ட்ராலே நிலையத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். வலப்பக்கம் உட்கார்ந்தால் கோமோ ஏரி கூடவே வரும். சுவிஸ் பாஸ் இங்கே செல்லாது, டிக்கெட் தனி. தாள் டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மறந்தால் அபராதம். அன்றே இரவு விமானம் என்றால் திரானோவில் நண்பகலுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

திரானோ வருமுன் ஜன்னலை விட்டு எழுந்துவிடாதீர்கள். வண்டி டிராம்போல ஊர்ச் சாலையில் இறங்கி, மதோன்னா பேராலயத்தின் முன் சதுக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கார்கள் ஒதுங்கி நிற்கும்.