பத்தாவது முடித்த கையோடு கல்லூரிக் கிரெடிட்டும் தொழிலும்: சென்னையில் என்ன வழி?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்கிறான். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். டல்லாஸில் இருக்கும் என் தங்கையின் மகன், பதினொன்றாவது படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களையும் எடுத்துக் கிரெடிட் சேர்க்கிறான். இங்கே அப்படி ஏதாவது உண்டா? இவனுக்கு மிக்சி, மோட்டார் என்று எதையாவது பிரித்து மாட்டுவதில்தான் ஆசை. இவன் அப்பாவுக்கு இன்ஜினீயரிங் படிக்க வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சென்டரில் 'கல்லூரிக் கிரெடிட்டுடன் ஏஐ கோர்ஸ்' என்று 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: அந்த 40,000 ரூபாயை இப்போதைக்குக் கட்டாதீர்கள். கிரெடிட் என்பது படித்து முடித்த பாடத்துக்குக் கணக்கில் சேரும் அலகு. கொடுப்பவர் சொல்வதால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது. நாளைக்கு உங்கள் மகன் சேரப்போகும் கல்லூரி அதை ஏற்க வேண்டும். 'எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பில், எந்தப் பாடத்துக்குப் பதிலாக இதை ஏற்கும்? எழுத்தில் தாருங்கள்' என்று அந்த சென்டரில் கேளுங்கள். எழுதித் தர முடியாவிட்டால் அது வெறும் சான்றிதழ்தான்.

டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளியும் உள்ளூர் சமுதாயக் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. மாணவன் படிக்கும் ஒரே பாடம் பள்ளி மதிப்பெண்ணிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரப் படிப்புக்கு ஒரு கிரெடிட் என்று பள்ளிப் படிப்பையும் கணக்கில் கொண்டுவருகிறது. ஆனால் ப்ளஸ் டூ முடித்தவருக்கு அதனால் கல்லூரியில் ஒரு பாடம்கூடக் குறையப்போவதில்லை. மத்திய அரசின் சுயம் என்ற ஆன்லைன் தளத்தின் பாடங்களைக் கல்லூரிகள் ஏற்கலாம், ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை போகலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-இல் விதி செய்தது உண்மைதான். அதுவும் பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த பிறகு, துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் படிப்பவர்களுக்குத்தான். ஆசைக்குப் படித்துப் பார்க்க வேண்டுமென்றால், கிண்டி ஐஐடி வளாகத்திலிருந்து இயங்கும் என்பிடெல் என்ற திட்டத்தின் ஆன்லைன் பாடங்களை இப்போதே இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதினால்தான் கட்டணம், அதுவும் ஒரு பாடத்துக்குச் சுமார் 1,000 ரூபாய். 40,000 கேட்பவரிடம் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்கு அது பாலிடெக்னிக் என்றுதான் நான் சொல்வேன். மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்று நம் வீடுகளில் அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

கணக்கைப் பாருங்கள். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, பிறகு நான்கு வருடம் பி.இ. என்றால் பத்தாவதுக்குப் பின் ஆறு வருடம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மூன்று வருடம் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் மூன்று வருடம். இதுவும் ஆறுதான். ஆனால் இரண்டாவது வழியில் பாதி தூரத்திலேயே கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். அப்போது வீட்டில் பணமுடை என்றால் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் மேலே படிக்கலாம். பி.இ. முதலாண்டு முழுவதையும் டிப்ளமோ ஈடுசெய்துவிடுகிறது. டல்லாஸ் பையனுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இதுதான்.

தரமணியில் உள்ள மத்திய பாலிடெக்னிக் 1916-இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. ஒர்க்‌ஷாப் நடக்கும் நேரத்தில் அனுமதி கேட்டு மகனை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஃபிட்டிங் பிரிவில் ஆளுக்கு ஒரு இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருப்பார்கள். மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியும். அது மறையும் வரை ராவ வேண்டும். கை வலிக்கும், சலிப்பு வரும். அதைப் பார்த்த பிறகும் அவன் கண்ணில் ஆர்வம் இருந்தால் உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மோட்டார் ஆசை என்பதால் மின்சாரம், மின்னணுவியல் சொல்லித்தரும் இஇஇ பிரிவைப் பார்க்கச் சொல்வேன். சில கல்லூரிகளில் சாண்ட்விச் டிப்ளமோ உண்டு. மூன்றரை வருடம், நடுவிலேயே தொழிற்சாலைப் பயிற்சி. தொழில் பழக அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இதில் இரண்டு கஷ்டங்கள் இருக்கின்றன. தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதலாண்டில் ஆங்கிலப் புத்தகங்கள் மிரட்டும். மகன் சேர்ந்தால் முதல் செமஸ்டரில் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன்பின் சமாளித்துவிடுவான். இன்னொன்று கணக்கு. லேட்டரல் என்ட்ரியில் போகிறவர்கள் நேராக மூன்றாவது செமஸ்டரில் உட்காருவார்கள். பி.இ. முதலாண்டில் மற்றவர்கள் படித்த கணக்குப் பாடங்கள் இவர்களுக்கு நடந்திருக்காது. டிப்ளமோ முடித்த கோடை விடுமுறையில் அவற்றைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் தடுமாறுவதில்லை. அப்புறம், இடமும் வரம்புக்குட்பட்டதுதான்: அனுமதித்த இடங்களுக்கு மேல் 10 சதவீதமும், முதலாண்டில் காலியாகிப்போன இடங்களும். நல்ல கல்லூரி வேண்டுமென்றால் டிப்ளமோவில் நல்ல மார்க் வேண்டும்.

மருத்துவ ஆசை துளி இருந்தாலும் இந்த வழி வேண்டாம். நீட் எழுத உயிரியலோடு ப்ளஸ் டூ படித்திருக்க வேண்டும்.

ப்ளஸ் ஒன் தான் என்று முடிவெடுத்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொழிற்கல்விப் பிரிவு 1978 முதல் இருக்கிறது. அதில் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் தனி ஒதுக்கீடு உண்டு, டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் அந்தப் பிரிவு இல்லை. இருக்கிற பள்ளியிலும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

மற்றொன்று சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு. ஜேஇஇ தேவையில்லை. ப்ளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு எழுதியதுமே விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம், வாராவாரம் அசைன்மென்ட், பிறகு மையத்துக்குப் போய் ஒரு தகுதித் தேர்வு. பாஸ் ஆனால் ப்ளஸ் டூ முடித்ததும் சேர்ந்துகொள்ளலாம். முதல் கட்டம் 8 பாடங்கள், 32 கிரெடிட். குடும்ப வருமானம், சமூகப் பிரிவைப் பொறுத்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022-இல் அனுமதித்துவிட்டதால், பி.இ. படித்துக்கொண்டே இதையும் தொடரலாம். ஏஐ மீது அவனுக்கு ஆர்வம் வந்தால் அந்த சென்டரை விட்டுவிட்டு இதற்குத் தயார் செய்யுங்கள். பாடம் முழுவதும் கணக்கும் புரோகிராமிங்கும் புள்ளியியலும்தான், ஸ்பேனர் பிடிக்கும் வேலை இதில் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் பார்க்கும் பையனுக்கு இது முதல் தேர்வாக இருக்காது.

வீட்டுக்காரரிடம் பேசும்போது, பாலிடெக்னிக்கில் சேர்ப்பது இன்ஜினீயரிங்கைக் கைவிடுவதாக ஆகாது என்பதை அந்த ஆறு வருடக் கணக்கோடு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பாலிடெக்னிக் விண்ணப்பம் ஆன்லைனில்தான், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து இடம் தருவார்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். விண்ணப்பித்துவிட்டு ப்ளஸ் ஒன் இடத்தையும் கையில் வைத்திருங்கள். பாலிடெக்னிக்கில் இடம் உறுதியான பிறகு டிசி வாங்கினால் போதும். அவசரப்பட்டு வாங்கிவிட்டு, நடுவில் திரும்பி வந்து ப்ளஸ் ஒன் கேட்டால் அலைய விடுவார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதக் கூட்டத்தில் அவைதான் தாமதமாகும்.