25 ஆண்டு நின்ற மாரிஸ் மைனர்: சாவியை இப்போதே திருப்பாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் தாத்தா வீட்டு கராஜில் 1960 மாரிஸ் மைனர் 1000 ஒன்று 1999 முதல் நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? வேலையை எங்கே தொடங்குவது? இப்போதைய ஈயமில்லா பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளுமா?

பேட்டரி இப்போதைக்கு வேண்டாம். வாங்கினால் கை சும்மா இருக்காது, சாவியைத் திருப்பிவிடுவீர்கள். உங்கள் காரில் இருக்கும் 948 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் செத்திருந்தாலும் பிழைக்க வைக்கலாம். மினியிலும் ஓடிய எஞ்சின் குடும்பம் அது, பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. பாடி அப்படியல்ல. மைனருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, தகடுகளே எடையைத் தாங்குகின்றன. ஆகவே முதல் வார இறுதியில் உங்களுக்கு வேண்டியது டார்ச்சும் பழைய ஸ்க்ரூடிரைவரும்தான்.

அதற்கும் முன் காகிதம். தாத்தா பெயரில் ஆர்சி1 பதிவுச் சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். எஞ்சின், சேஸிஸ் எண்கள் அதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பதிவு ரத்தாகாமல் இருந்தால் வாகன லைசென்ஸ் பாக்கியும் அபராதமும் ஏறியிருக்கும். லைசென்சிங் அலுவலகத்தில் தொகையைக் கேளுங்கள். தாத்தா இறந்திருந்தால், அவர் பெயரிலிருந்து மாற்ற, ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகம் தரும் சொத்து நிர்வாகி நியமனக் கடிதம் தேவைப்படும். இது தெரியாமல் பெயிண்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி துரு. காரைத் தூக்கும்போது ஜாக் பாயிண்டை நம்ப வேண்டாம். உளுத்திருந்தால் ஜாக் காரின் தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போகும். பின்பக்கம் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். முன்பக்கம், எஞ்சினை இருபுறமும் தாங்கும் நீளச் சட்டங்களை முதலில் தட்டிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் தடித்த பலகை கொடுத்து ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக்கூடாது.

ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் இருக்கைக்குக் கீழே குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பர், அதன் இரு முனைகள், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' எனும் தகடு, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர்கள், முன் மட்கார்டின் உட்பக்கம், கதவுக் கீல் தூண்களின் அடி. பாயை, கம்பளத்தைத் தூக்காமல் பார்ப்பது வீண். கடற்காற்றும் டர்பன் புழுக்கமும் பெயிண்டுக்கு அடியிலிருந்து தின்னும். மேலே பளபளப்பாக இருக்கும் சில் தகடு, குத்தினால் பிஸ்கட்டாக உதிரும். தரைத் தகட்டில் பொத்தல் இருந்தால் கவலை இல்லை, வெல்டிங் செய்யலாம். கிராஸ்மெம்பரும் இரண்டு ஹேங்கர்களும் சேர்ந்து போயிருந்தால், வேறு நல்ல பாடி ஒன்றைத் தேடி இதிலிருக்கும் சாமானை அதற்கு மாற்றுவதே புத்தி. கரூ போன்ற வறண்ட பகுதியில் நின்ற பாடி பெரும்பாலும் நம் கடற்கரைக் காரைவிடக் கெட்டியாக இருக்கும். வெல்டிங்கைப் பேனல் பீட்டரிடம் (பாடித் தகடு வேலை செய்பவரிடம்) விடும்போது ஒரு விஷயம்: சில்லை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாடி தொங்கி, பிறகு கதவு மூடாது.

பாடி தேறினால் எஞ்சினுக்கு வாருங்கள். முதலில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்பிலிருந்து எண்ணெயை வடியுங்கள். அடியில் தங்கியிருந்த தண்ணீர் முதலில் வரும். டர்பனில் உறைபனி இல்லாததால், ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடித்திருக்க வாய்ப்பு குறைவு. குளிரில் உறைபனி விழும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி நின்ற கார் என்றால் அந்தச் சந்தேகம் முதலில் வரும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் 20 மில்லி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். ஊறியபின் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். எட்டு வால்வுகளும் கீழே போய் மேலே வருகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று துருவில் பிடித்து நின்றால் அதைத் தள்ளும் தண்டு, புஷ்ராட், வளையும். நேரே ஸ்டார்ட்டரைக் கொடுப்பவர்கள் எஞ்சினைக் கெடுப்பது இங்கேதான்.

பிறகு 20டபிள்யூ-50 ஆயில், ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லிட்டர். பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 0.38, வால்வு 0.30. ஸ்பானர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இந்தக் கார் அங்குல அளவு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் மூலை மழுங்கிவிடும்.

பேட்டரி இப்போது. இந்தக் கார் பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். யாராவது பின்னாளில் மாற்றியிருக்கலாம், வயரைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய துணி உறை வயர் தொட்டாலே உதிரும். எனவே முதல் முறை, பாடிக்குப் போகாத முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை மாட்டுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பல்பு எரிந்தால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது; எரியாவிட்டால் நேரடியாக இணைக்கலாம். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்து வினாடி, பத்து வினாடியாக விட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றுங்கள். பழைய டாங்க்கில் இருக்கும் பெட்ரோல் பசையாகியிருக்கும், அதைக் கார்புரேட்டர் பக்கம் விடாதீர்கள். பானெட்டுக்குள் இருக்கும் எஸ்யூ மின் பம்புக்கு ஒரு லிட்டர் கேனிலிருந்து குழாய் கொடுங்கள். பம்ப் டக் டக் என்று தட்டவில்லை என்றால் அதற்குள் இருக்கும் பாயிண்ட் கருத்திருக்கும், மெல்லிய எமரித் தாளில் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வரும்.

எஞ்சின் ஓடினாலும் கார் ஓடலாம் என்று அர்த்தமில்லை. பிரேக் ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னால் சக்கரத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று என ஆறு வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் ஃபுளூயிட் ஈரத்தை உறிஞ்சும், 25 வருடத்தில் பிஸ்டன்கள் அப்படியே துருப்பிடித்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது, போல்ட்டை வெளியே இழுக்க முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் குறுக்கே நிற்கும்; ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்குங்கள். பழைய பிரேக் ஷூத் தூசியை ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். முன் சக்கரத்தைத் திருப்ப விடும் ஸ்விவலின் ட்ரனியன் மூட்டில் மரை தேய்ந்திருந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கும். சக்கரத்தைத் தூக்கி, அடியில் கம்பி கொடுத்து நெம்பினால் மேலும் கீழும் ஆட்டம் தெரியும். தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான், கிரீஸ் போட்டுச் சமாளிக்க முடியாது.

பெட்ரோல் கேள்விக்கு: தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006-இல் நின்றுவிட்டது. உங்கள் எஞ்சினின் வால்வு இருக்கை சிலிண்டர் ஹெட்டின் இரும்பிலேயே வெட்டியது. ஈயமில்லாமல் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டினால் அது மெல்ல உள்ளே தேயும், வால்வு இடைவெளி குறையும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வர 95 ஆக்டேன் ஈயமில்லா பெட்ரோல் போதும். 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்து குறித்துவையுங்கள். ஒரே வால்வு திரும்பத் திரும்ப இறுகினால் அப்போது ஹெட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின இருக்கை போடச் சொல்லலாம்.