கேளுங்க, பேசுவோம்: கேஎல் (கோலாலம்பூர்) சம்பளமும் பிள்ளை செலவும்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பிள்ளை வளக்குற செலவு. தோட்டத்துலேர்ந்து எழுதுறவங்களும் இருக்காங்க, தோட்டத்தை விட்டு பட்டணத்துக்கு போனவங்களும் இருக்காங்க. அதனால சமையல் குறிப்பு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: அக்கா வணக்கம். நானும் வீட்டுக்காரரும் சுங்கை சிப்புட்ல எங்க அம்மா வீட்டுலதான் இருக்கோம். அவருக்கு செம்பனை ஆலையில டெக்னிஷியன் வேலை, 2,600 வெள்ளி (ரிங்கிட்). நான் ஒரு கிளினிக்ல கிராணி (கிளார்க்), 1,700. ஒரே பையன், ரெண்டு வயசு, அம்மாதான் பாத்துக்குறாங்க. இப்ப அவருக்கு ஷா ஆலாம்ல 4,200க்கு வேலை வந்திருக்கு, எனக்கும் அங்க 2,400க்கு கெடைக்கும்னு தோழி சொல்றா. அவ வீட்டு பக்கத்துல ஃப்ளாட் வாடகை 1,200, தாஸ்கா (பிள்ளை காப்பகம்) 650ன்னு விசாரிச்சு சொன்னா. மாசம் 2,300 கூட வருதே இன்னும் என்ன யோசனைன்னு எல்லாரும் கேக்குறாங்க, அம்மா மட்டும் போகாதன்றாங்க. ரெண்டாவது பிள்ளை பெத்துக்கவும் ஆசை. என்ன பண்றது? – பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த 2,300ஐ கையில வாங்கிப் பாப்போம். இபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடு, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் போக கைக்கு வர்ற வித்தியாசம் ஏறக்குறைய ரெண்டாயிரம்தான். அதுல வாடகை 1,200 தாஸ்கா 650 போச்சுன்னா மிச்சம் 150. இந்த 150க்குள்ளதான் டோல், ரெண்டு பேரும் வேற வேற பக்கம் வேலைக்கு போற செலவு, கரண்டு தண்ணி பில், சமைக்க நேரம் இல்லாம கடையில வாங்குற சாப்பாடு, மாசம் ஒரு தடவை அம்மாவ பாக்க ஊருக்கு வர்ற பெட்ரோல், எல்லாமே அடங்கணும். அடங்காது. பஸ், எல்ஆர்டி (நகர ரயில்) போற வழியில வேலை அமைஞ்சா 50 வெள்ளி மாச பாஸ் இருக்கு, அது நல்ல உதவிதான், ஆனா பிள்ளைய தாஸ்காவுல விட்டுட்டு ஏறணும், சாயங்காலம் தாஸ்கா மூடுறதுக்குள்ள எறங்கி ஓடணும், அதையும் யோசிங்க.

உங்க வீட்டுல மூணாவதா ஒரு சம்பளம் வந்துக்கிட்டு இருக்கு, யாரும் அதை எழுதி வைக்கிறதில்ல. அது உங்க அம்மாவோட உழைப்பு. வாடகை இல்லாத வீடு, பிள்ளைய பாத்துக்குறது, நீங்க வரும்போது சோறு தயாரா இருக்குறது, பிள்ளைக்கு காய்ச்சல்னா நீங்க லீவு போடாம வேலைக்கு போறது, இதுக்கெல்லாம் ஷா ஆலாம்ல ஒவ்வொன்னா காசு குடுக்கணும். வெளியூர் சம்பளத்தை இங்க வாங்குற சம்பளத்தோட மட்டும் ஒப்பிடக்கூடாது, சம்பளத்தோட அம்மாவையும் சேத்துதான் ஒப்பிடணும்.

தாஸ்கா ஏன் இவ்ளோ கேக்குதுன்னு நெறைய பேர் கோவமா எழுதுறீங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன். 1984ஆம் வருஷத்து குழந்தை பராமரிப்பு நிலைய சட்டத்துக்கு கீழ பதிவு பண்ண தாஸ்காவுல ஒரு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க மூணு பேருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்கணும், ஒன்னுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் அஞ்சு பேருக்கு ஒருத்தர். இப்ப குறைஞ்சபட்ச சம்பளம் 1,700, முதலாளி கட்டுற இபிஎஃப் 13 விழுக்காடு சேத்தா 1,921. அதை மூணால வகுத்தா கைக்குழந்தைக்கு 640, அஞ்சால வகுத்தா உங்க பையன் வயசுக்கு 384, இது வெறும் பாத்துக்குற ஆளோட சம்பளம் மட்டும், கட்டட வாடகை சாப்பாடு எல்லாம் இனிமேதான். அப்படி பாத்தா 650 கொள்ளை இல்ல. நம்ம ஊர்ல பக்கத்து வீட்டு அக்கா 250க்கு பாத்துக்குறாங்கன்னா அவங்க தன்னோட உழைப்புக்கு பாதி விலை கூட கேக்கலன்னு அர்த்தம்.

இன்னொன்னு. 2022 புள்ளிவிவரத்துல கோலாலம்பூர் குடும்பங்களோட நடுமட்ட மாச வருமானம் 10,234 வெள்ளி, நம்ம பேராக்ல 4,494. அதாவது பாதி குடும்பம் அதுக்கு மேல, பாதி குடும்பம் அதுக்கு கீழ. நீங்க இப்ப ரெண்டு பேரும் சேந்து வாங்குற 4,300 பேராக்ல கிட்டத்தட்ட நடுவுல நிக்குது. 6,600ஓட கிள்ளான் பள்ளத்தாக்குக்கு (கேஎல்லும் ஷா ஆலாமும் இருக்குற வட்டாரம்) போனா பத்தாயிரம் வாங்குற குடும்பங்களுக்கு நடுவுல போய் நிக்கிறீங்க, அங்க வாடகையும் டியூஷன் காசும் அவங்க கையில இருக்குற பணத்தை பாத்துதான் ஏறுது. சம்பளம் ஏறியும் கஷ்டப்படுறோமேன்னு அங்க போனவங்க எழுதுறதுக்கு காரணம் இதுதான், அவங்க ஊதாரித்தனம் இல்ல.

ரெண்டாவது பிள்ளைக்கு வருவோம். இபிஎஃப்பும் மலாயா பல்கலைக்கழகமும் சேந்து 2019ல பெலாஞ்சாவான்குன்னு ஒரு செலவு கையேடு போட்டாங்க, கிள்ளான் பள்ளத்தாக்குல சுமாரா கௌரவமா வாழ என்ன ஆகும்னு. பிள்ளை இல்லாத தம்பதிக்கு 4,420, ஒரு பிள்ளைன்னா 5,730, ரெண்டுன்னா 6,620. அப்பயே முதல் பிள்ளை மாசம் 1,310 கூட்டுது, ரெண்டாவது 890. அதுக்கப்புறம் விலைவாசி எவ்ளோ ஏறிச்சுன்னு மார்க்கெட் போற உங்களுக்கே தெரியும். நீங்க அங்க வாங்கப்போறது பிடித்தம் போறதுக்கு முன்னாலயே 6,600.

அதுக்காக போகவே போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆலையில அவரோட சம்பளம் இன்னும் அஞ்சு வருஷத்துல எங்க போய் நிக்கும்னு கேளுங்க, ஷா ஆலாம்ல எங்க நிக்கும்னும் கேளுங்க. இங்க 3,000த்தோட நின்னுடும், அங்க 6,000 போகும்னா அது பெரிய விஷயம், அப்ப ஒரு ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டாலும் தகும். ஆனா அதுக்கு முன்னாடி ஈப்போவுல தேடிப் பாத்தீங்களா? உங்க ஊர்லேர்ந்து முப்பது கிலோமீட்டர்தான். ஈப்போவுல அவருக்கு 3,300 கெடைச்சாலே, அம்மா வீட்டுல இருந்துக்கிட்டு போய்ட்டு வந்தா, பெட்ரோல் போக ஷா ஆலாமோட 150ஐ விட கையில நிக்கும். எல்லாரும் நேரா கேஎல்லதான் பாக்குறாங்க, நடுவுல இருக்குற ஊரை யாரும் பாக்குறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். ரெண்டாவது பிள்ளை உங்க ரெண்டு பேரோட முடிவு, நான் சொல்ல ஒன்னும் இல்ல, ஆனா பெத்துக்குறதா இருந்தா அந்த கைக்குழந்தை வருஷத்துக்கு அம்மா பக்கத்துல இருங்க. அம்மாகிட்டயும் கேளுங்க, அவங்க முட்டிக்கால் எப்படி இருக்கு, ரெண்டு பிள்ளைய பாக்க முடியுமான்னு.

கேள்வி: மகளே, எனக்கு 63 வயசு. தோட்டத்துல பால் மரம் (ரப்பர்) வெட்டி, அப்புறம் செம்பனையில வேலை செஞ்சு ரிட்டயர் ஆயிட்டேன். மகனும் மருமகளும் செராஸ்ல வேலை செய்றாங்க, பேரனை ஆறு மாசத்துலேர்ந்து என்கிட்ட விட்டுருக்காங்க. மாசம் 300 குடுக்குறாங்க. பால் பவுடரு, பெம்பர்ஸ், கிளினிக் போக டாக்சி, எல்லாம் சேந்து பத்த மாட்டேங்குது, என் கைக்காசும் போடுறேன். கேட்டா பேரனை பாக்க காசு கேக்குறான்னு மருமக நினைப்பாளோன்னு கூச்சமா இருக்கு. – ஒரு பாட்டி, பீடோர்

பதில்: கேளுங்கம்மா. கூச்சப்படாம கேளுங்க.

உங்க காலத்துல தோட்டத்துல ஆயாக்கொட்டகை இருந்துச்சுல்ல, விடியக்காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கு எடுக்குற எடம்) போறதுக்கு முன்னாடி பிள்ளைங்கள அங்க விட்டுட்டு போவீங்க, தொட்டில்ல போட்டு ஒரு ஆயாம்மா பாத்துக்குவாங்க. அந்த ஆயாம்மா சும்மாவா பாத்தாங்க? தோட்ட நிர்வாகம் அவங்களுக்கு சம்பளம் குடுத்துச்சு. பிள்ளை பாக்குறது வேலைன்னு அந்த வெள்ளக்கார தொரை காலத்துலயே ஒத்துக்கிட்டாங்க, 1990ஆம் வருஷத்து தொழிலாளர் வீட்டு வசதி சட்டத்துலயும் தோட்டத்துக்கு குழந்தை காப்பகம் எழுதி வச்சிருக்கு. அப்ப தோட்டம் ஏத்துக்கிட்ட செலவை இன்னிக்கு நீங்க ஒருத்தரா சொமந்துக்கிட்டு இருக்கீங்க. பாசம் வேற, செலவு வேறம்மா. பாசத்தை நீங்க ஏற்கனவே குடுத்துட்டீங்க.

எப்படி கேக்குறதுன்னா, மருமக மேல போகாதீங்க, மகனை கூப்ட்டு உக்கார வச்சு பேசுங்க. ஒரு மாசம் வாங்குனது எல்லாத்துக்கும் ரசீதை ஒரு டப்பாவுல போட்டு வைங்க, அடுத்த தடவை அவங்க வரும்போது டப்பாவை அப்படியே குடுங்க. கைக்குழந்தைய செராஸ்ல தாஸ்காவுல விட்டிருந்தா எவ்ளோ ஆகும்னு அவங்களுக்கே தெரியும் (மேல உள்ள கணக்கை காட்டுங்க). பேரனோட சாமான் செலவு முழுசும் அவங்களது, அதுக்கு மேல உங்க கைக்குன்னு தனியா ஒரு தொகை, ரெண்டையும் ஒன்னா கலக்க விடாதீங்க. கலந்தா உங்க பங்கு பால் பவுடருக்குள்ள போயிடும். மாசத்துல ரெண்டு நாளாவது அவங்க வந்து பிள்ளைய பாத்துக்கிட்டு உங்கள தூங்க விடணும்னும் சொல்லுங்க, அது காசை விட முக்கியம்.

மகனுக்கும் ஒரு வார்த்தை, அவரு இதை படிப்பாருன்னு நம்புறேன்: தம்பி, ஆறு மாச பிள்ளைய தூக்கி எறக்குறது 63 வயசு இடுப்புக்கு சாதாரண விஷயம் இல்லப்பா.

கேள்வி: அக்கா, நான் பெஸ்தாரி ஜெயா தோட்டத்து பொண்ணு, கல்யாணம் ஆகி இப்ப கிள்ளான்ல இருக்கேன். எனக்கு சம்பளம் 2,200. ரெண்டு பிள்ளைக்கும் தாஸ்கா 1,300, வேலைக்கு போய்வர 250. கணக்கு பாத்தா மாசம் 400 கூட நிக்கல. 400 வெள்ளிக்கு ஏன் இப்படி ஓடுற, வீட்டுல இருன்னு மாமியார் சொல்றாங்க. வேலைய விட்டுடலாமா? – கி.

பதில்: உங்க மாமியார் அன்பாதான் சொல்றாங்க, ஆனா கணக்குல ஒன்னு விட்டுப்போச்சு. உங்க சம்பளத்துல 11 விழுக்காடு 242 வெள்ளி, முதலாளி போடுற 13 விழுக்காடு 286, ரெண்டும் சேத்து மாசம் 528 உங்க பேர்ல இபிஎஃப்ல ஏறுது. அப்ப நீங்க 400க்கு ஓடல, 900க்கு மேல ஓடுறீங்க. அஞ்சு வருஷம் வீட்டுல இருந்தா டிவிடெண்ட் சேக்காமலே 31,000க்கு மேல போச்சு, 2024க்கு 6.30 விழுக்காடு டிவிடெண்ட் குடுத்தாங்கன்னு ஞாபகம் வச்சுக்குங்க. அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வேலை தேடும்போது 2,200 குடுப்பாங்கன்னும் நிச்சயம் இல்ல. தாஸ்கா செலவு சின்னவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும்தான், உங்க வேலை அதுக்கு அப்புறமும் இருக்கு.

அப்புறம் ஏன் தாஸ்கா காசை உங்க சம்பளத்துலேர்ந்து மட்டும் கழிக்கிறீங்க? பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பொதுதானே. வீட்டுக்காரர் சம்பளத்துலேர்ந்து பாதி கழிச்சு பாருங்க, கணக்கே மாறிப்போயிடும். இந்த பழக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கு, பொம்பளை சம்பளம் பிள்ளை செலவுக்கு எதிர்ல, ஆம்பளை சம்பளம் மட்டும் தனியா. எனக்கு இது சுத்தமா பிடிக்கல.

பதிவு பண்ண தாஸ்கான்னா வருஷத்துக்கு 3,000 வரைக்கும் வரிக்கழிவு இருக்கு. உங்க சம்பளத்துக்கு வரி வராது, அதனால வரி கட்டுறவரு பேர்ல அவரே க்ளெய்ம் பண்ணட்டும், ரசீதை பத்திரமா வைங்க. வேலை நேரத்தை மாத்தி தரச்சொல்லி எழுத்துல மனு குடுக்கவும் 2023லேர்ந்து சட்டத்துல எடம் இருக்கு, முதலாளி 60 நாளுக்குள்ள பதில் எழுதியாகணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். காலைல ஒரு மணி நேரம் முன்னாடி போய் முன்னாடியே வர முடிஞ்சா உங்க ஓட்டத்துல பாதி குறையும்.

இதெல்லாம் பாத்தும் ஒடம்பு முடியலன்னா விட்டுடுங்க, அதுல தப்பே இல்ல. ஆனா வெறுங்கையோட வீட்டுல உக்காராதீங்க. வீட்டுக்காரர் இபிஎஃப் பங்குலேர்ந்து 2 விழுக்காடு உங்க கணக்குக்கு மாத்துற ஐ-சாயாங் இருக்கு, நீங்களே கட்டுனா அரசாங்கம் 20 விழுக்காடு, வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் சேத்து போடுற ஐ-சாரான் இருக்கு, 120 வெள்ளி கட்டுனா ஒரு வருஷத்துக்கு சொக்சோவோட குடும்பத்தலைவி பாதுகாப்பு இருக்கு. மூணையும் பண்ணிட்டு அப்புறம் ராஜினாமா குடுங்க.

கேள்வி: பட்டணத்துக்கு போனா தமிழ்ப்பள்ளி செலவு கூடுமா? – ஆ.

பதில்: பள்ளிக்கு கட்டணம் எங்கயும் இல்ல, புத்தகம் கடன்ல குடுக்குறாங்க. கூடுறது ஸ்கூல் வேன் காசும், பள்ளி விட்டு அப்பா அம்மா வர்ற வரைக்கும் பிள்ளைய பாத்துக்குற எடத்து காசும்தான். தோட்டத்துல பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்துடும், பட்டணத்துல அந்த மத்தியானம் ஒரு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் உங்க காசு போகும். அதனால வீடு பாத்துட்டு பள்ளி தேடாதீங்க, பள்ளிய பாத்துட்டு அதுக்கு பக்கத்துல வீடு தேடுங்க, வாடகை 100 வெள்ளி கூட இருந்தாலும் வேன் காசுல கழிஞ்சிடும். உங்க தோட்டத்து பள்ளியில பிள்ளைங்க எண்ணிக்கை கம்மியா இருந்தா, மாத்துறதுக்கு முன்னாடி தலைமையாசிரியர்கிட்ட ஒரு தடவை பேசுங்க. எந்த பள்ளிக்கு மாத்துறது, எந்த மாசம் மாத்துனா பிள்ளைக்கு பாடம் விட்டுப்போகாதுன்னு அவங்கதான் சரியா சொல்லுவாங்க.