லினக்ஸ் போட்டால் ஹார்டு டிஸ்க் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு நாங்குநேரிப் பக்கம். அப்பா வில்லிசைக் கலைஞர். ஊர் ஊராகக் கொடைகளில் பாடியதை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன், 400 ஜிபி வரும். போட்டிருப்பது லினக்ஸ் வகையான உபுண்டு. 1 டிபி ஹார்டு டிஸ்க், 14 மாதத்துக்கு முன்னால் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கினது, பில் இருக்கிறது. போன மாதம் கரண்ட் போய் வந்த பிறகு கருப்புத் திரையில் நின்று, கோப்பு அமைப்பைச் சரிபார்க்கிற 'எஃப்எஸ்சிகே' நிரலை ஓட்டச் சொன்னது. ஓட்டி, கேட்டதற்கெல்லாம் 'ஒய்' கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. இப்போது 'ரீட் ஒன்லி' என்று சொல்லி எதையும் சேமிக்க விடவில்லை. சில பதிவுகளைக் காணோம். கடையில், "லினக்ஸ் போட்டதால்தான் கெட்டது, வாரண்டி கிடையாது, ஃபார்மட் பண்ணித் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீங்க தம்பி. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும், அப்பா பாடியது கிடைக்காது. வாரண்டியைப் பிறகு பார்ப்போம்.

எழுதும்போது பிழை தட்டினால் மேற்கொண்டு சேதம் ஆகாமல் இருக்க உபுண்டு தானாகவே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். அந்த 'ரீட் ஒன்லி' உங்கள் நல்லதுக்குத்தான் வந்திருக்கிறது. பிழை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் நன்றாக இருந்தும் கோப்பு அமைப்பு, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு, மட்டும் குழம்பும். அதற்கு எஃப்எஸ்சிகே போதும். ஆனால் சரிசெய்த ஒரே வாரத்தில் திரும்ப வந்திருக்கிறது என்றால் எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம்.

உபுண்டு நிறுவிய பென் டிரைவ் இருக்கும் இல்லையா, அதிலிருந்து 'ட்ரை உபுண்டு' கொடுத்து ஏற்றுங்கள். 'டிஸ்க்ஸ்' செயலியில் அந்த ஹார்டு டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' என்பதைத் திறங்கள், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கிற கணக்கு அது. மேலே 'டிஸ்க் இஸ் ஓகே' என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள், சாகக் கிடக்கிற டிஸ்க்கும் அப்படிச் சொல்லும். எண் 5, 197, 198 வரிசைகளைப் பாருங்கள். 5 என்பது கெட்ட இடத்துக்குப் பதிலாக உபரி இடத்தைக் கொடுத்த கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் தவிக்கிற இடங்களின் கணக்கு, 198 என்பது சோதித்தும் படிக்க முடியாதவற்றின் கணக்கு. இவற்றில் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போகப் போகிறது. மாறாக 199 மட்டும் ஏறினால், பெரும்பாலும் டிஸ்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றினால் தீர்ந்தது, டிஸ்க் வாங்க வேண்டாம். இந்த எண்கள் தெரியும் திரையை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் சான்று ஆகும். அதே திரையில் இருக்கும் நீண்ட சோதனையை இப்போது ஓட்ட வேண்டாம், பலவீனமான டிஸ்கை அது மணிக்கணக்கில் அலைக்கழிக்கும்.

ஃபார்மட் ஏன் கூடாது என்கிறேன் தெரியுமா? 197-இல் நிற்கும் இடத்தின் மேல் புதிதாக எழுதினால், அது தேறும் அல்லது உபரிக்கு மாற்றப்படும், எப்படியும் கணக்கு குறைந்துவிடும். டிஸ்க் குணமானது போலத் தெரியும், பதிவுகள் போயிருக்கும். எஃப்எஸ்சிகே-யும் டிஸ்கில் எழுதத்தான் செய்யும். அதனால் நகல் எடுப்பதற்கு முன்னால் இரண்டுமே வேண்டாம்.

நகலுக்கு 2 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்குங்கள். 1 டிபி-யின் முழு நகல் இன்னொரு 1 டிபி-யில் கோப்பாக அடங்காது, இடம் கொஞ்சம் குறைந்துபோகும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆனது 4 ஜிபி-க்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் ஏறிய உபுண்டுவில், கெட்ட டிஸ்கிலிருந்து நகல் எடுக்கிற 'ஜிடிடிரெஸ்க்யூ' தொகுப்பை நிறுவி ஓட்டுங்கள். நல்ல இடங்களை முதலில் வழித்து எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வரை எடுத்தது என்று குறித்து வைக்கிற மேப் கோப்பையும் கேளுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கிற ஆய்வகத்தில் முன்கூட்டியே எழுத்தில் விலை கேளுங்கள். வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது.

நகலுக்கும் இன்னொரு நகல் எடுத்து, அதில்தான் எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும். காணாமல் போனவை 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' அடைவில் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாகக் கிடக்கலாம். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள், அப்பாவின் குரல் உங்களுக்குத் தெரியாமலா போகும்.

வாரண்டி பற்றிக் கடைக்காரர் சொன்னது சரியில்லை. டிஸ்க் கீழே விழுந்ததா, திறந்தார்களா, ஸ்டிக்கர் கிழிந்ததா என்று பார்க்கலாம். எந்த இயங்குதளம் ஓடியது என்பது பழுதுக்குக் காரணம் ஆகாது. டிஸ்க் மேல் இருக்கிற சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்து வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களிடமே நேரடியாகக் கேட்கலாம். மாற்றித் தருவது டிஸ்க்குத்தான், உள்ளிருப்பதற்கு வாரண்டி இல்லை, பழையது திரும்பியும் வராது. அதனால்தான் நகல் முதலில் என்கிறேன்.

கடை மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கடையில் பாதி விலைக்கு 'புதிய' ஹார்டு டிஸ்க் தருகிறார்கள். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கினால் அன்றைக்கே ஸ்மார்ட் டேட்டாவில் எண் 9-ஐப் பாருங்கள் அம்மா, ஓடிய மணி நேரம் அது. புதிய டிஸ்கில் ஒன்றிரண்டு மணி இருக்கலாம், ஆயிரக்கணக்கில் இருந்தால் எங்கேயோ உழைத்துக் களைத்தது. ஆனால் அந்த எண்ணை அழித்து விற்பவர்களும் உண்டு. பாதி விலை என்றால் அதையும் மனதில் வையுங்கள். பில்லில் அச்சடித்த அந்த வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுக்க மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதே கணக்குத்தான்.