எஞ்சின் டேட்டா லாக்கில் (ஓட்டப் பதிவில்) 3 டிகிரி நாக் ரிடார்ட் தெரிகிறது, அதாவது நாக் (எரிபொருள்-காற்றுக் கலவை தானாக வெடிக்கும் தட்டல்) என்று நினைத்து எஞ்சின் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது; ஸ்பார்க் டைமிங்கைக் குறைக்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள், அது எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள். நாக் சென்சார் அதிர்வைத்தான் கேட்கும்; தளர்ந்த பிராக்கெட் தட்டினாலும் நாக் என்றே நினைத்துக்கொள்ளும். கியர் மாற்றும்போது ஒருமுறை எட்டிப்பார்த்து மறைந்தால் பெரும்பாலும் பொய்தான்.

ஒவ்வொரு ஓட்டத்திலும், முழு த்ராட்டிலில், அதே 3500 ஆர்பிஎம் பக்கம் வந்தால் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் ரொம்ப முன்னதாக விழுந்தால், பிஸ்டன் மேலேறும்போதே அழுத்தம் எகிறி, சுடர் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். உச்ச அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டி சுமார் 15 டிகிரியில் வந்தால் போதும். அதற்கு மேல் அட்வான்ஸ் கொடுத்தாலும் (ஸ்பார்க்கை இன்னும் முன்னதாக விட்டாலும்) டார்க் (சுழற்றும் விசை) ஏறாது. சரி, டைமிங் அட்டவணையில் நாக் வரும் அந்தக் கட்டங்களில் மட்டும் 2 டிகிரி குறைத்து, மறுபடி லாக் எடுங்கள். அதற்கு முன் கலவை லீனாக (எரிபொருள் குறைவாக) ஓடவில்லையே என்றும் பார்த்துவிடுங்கள்.