அரசின் ஆராய்ச்சி நிதி எப்படி வழங்கப்படுகிறது? அதனால் உண்மையில் புதிய கண்டுபிடிப்புகள் வருகின்றனவா?

உயிரியல் ஆய்வகம் ஒன்றில் அரசுத் திட்ட நிதியில் பணியாற்றியவன் என்பதால், இந்திய நடைமுறையை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

பணம் விஞ்ஞானியின் கைக்கு வருவதில்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித்தொழில்நுட்பத் துறை, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற அமைப்புகளுக்கு, திட்டத்துக்குப் பொறுப்பான விஞ்ஞானியான முதன்மை ஆய்வாளர் திட்ட முன்மொழிவை அனுப்புவார். அதே துறை வல்லுநர்கள் அதை மதிப்பிட்டு, குழுவும் ஏற்றுக்கொண்டால், பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்கான நிதி அவர் பணிபுரியும் நிறுவனத்தின் கணக்குக்குத் தவணைகளாக வரும். கருவி, வேதிப்பொருள், பயணம், ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை, நிறுவனத்துக்கான மேல்செலவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு உண்டு. ஒன்றில் மிஞ்சுவதை இன்னொன்றுக்கு நம் விருப்பப்படி மாற்ற முடியாது. செலவுக் கணக்கையும், பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழையும் கொடுத்த பிறகே அடுத்த தவணை.

இதனால் விளைவு உண்டா என்றால், ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தைத்தான் முதலில் சொல்வேன். இந்த வைரஸால் வரும் வயிற்றுப்போக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைப் பலிகொண்டு வந்தது. 1985-86இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், வைரஸ் தொற்றியும் நோய்க்குறியே இல்லாமல் இருந்த பச்சிளங்குழந்தைகளை மருத்துவர் எம்.கே. பான் குழுவினர் கவனித்து, 116இ என்ற வைரஸ் வகையைப் பிரித்தெடுத்தார்கள். நோய் தராத அந்த வைரஸையே தடுப்பு மருந்தாக்க முடியுமா என்று அப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. லாபக் கணக்குப் போடும் எந்த நிறுவனமும் அந்த நிலையில் முதலீடு செய்திருக்காது என்பதே என் கருத்து. உயிரித்தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க அரசின் ஆய்வு அமைப்புகளும் அந்த ஆய்வைத் தொடர வைத்தன. பின்னர் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியும் தடுப்பு மருந்து நிறுவனமான பாரத் பயோடெக்கின் உழைப்பும் சேர்ந்தன. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையில், வேலூர்ப் பகுதியை சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் முன்னின்று நடத்தினார். முதல் ஆண்டில் கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 56 விழுக்காடு குறைந்தது. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஏழை நாடுகளில் மற்ற ரோட்டாவைரஸ் மருந்துகள் தந்த பலனும் ஏறக்குறைய இவ்வளவுதான். 2014இல் உரிமம் கிடைத்து, 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சொட்டு மருந்தாகச் சேர்ந்தது. முப்பது ஆண்டுகள்! அவ்வளவு காலம் பொறுத்திருப்பது அரசுப் பணத்தால்தான் முடியும்.

நிதியின் இன்னொரு பலன் மனிதர்கள். திட்டம் தோற்றாலும் அதில் பயின்ற ஆய்வு மாணவர் தேர்ந்த கைகளோடு வெளியேறுகிறார். இளநிலை ஆய்வாளருக்கான மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் ரூ. 31,000லிருந்து ரூ. 37,000ஆக உயர்ந்ததை அதனால்தான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆனால் அந்தத் தொகை மாதாமாதம் கைக்கு வருவதில்லை என்பது பெரிய குறை. தவணை தாமதமாகி, வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. நிதியாண்டின் இறுதியில் பணம் வந்து, மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், உலர்பனியில் வைத்து அனுப்பப்படும் நொதிகளைத் தேவைக்கு முன்பே வாங்கி உறைபெட்டியில் அடுக்கியதையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில காலாவதியாகி வீணாகும். 2025 ஜூனில் ஆய்வு நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகள் தளர்த்தப்பட்டு, விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு ரூ. 1 லட்சத்திலிருந்து ரூ. 2 லட்சமாக உயர்ந்தது நல்ல மாற்றம். அடுத்ததாக, உதவித்தொகையை மட்டுமாவது திட்டத் தவணையிலிருந்து பிரித்து, மாதந்தோறும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும்.