கிணறு, பம்பு, காற்று: சில கேள்விகளும் பதில்களும்

பம்பு தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீர்மங்கள், வாயுக்கள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கலாம் என்ற கேள்விதான்.

பல்லடம் விவசாயி: கிணறு 50 அடி ஆழம். மேலே 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) இருக்கிறது. தண்ணீர் 38 அடிக்கு இறங்கிய பிறகு மோட்டார் சும்மா ஓடுகிறது. 7.5 எச்.பி.க்கு மாற்றினால் இழுக்குமா ஐயா?

இழுக்காது. 75 எச்.பி. வைத்தாலும் இழுக்காது. பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்துவிடுவதோடு அதன் பங்கு முடிந்தது. கிணற்று நீர்ப்பரப்பை வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது அல்லவா, அதுதான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. நீங்கள் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது நடப்பதும் இதுவே.

கடல் மட்டத்தில் காற்றால் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி உயரத்துக்குத்தான் நீரைத் தாங்க முடியும். இத்தாலியில் பம்புகள் இப்படித்தான் ஓர் உயரத்தோடு நின்றுபோயின. அதைக் குறித்து எழுதிய கலிலியோ, நீளம் கூடினால் கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி பாதரசத்தை எடுத்துக்கொண்டார். அது நீரைவிட 13.6 மடங்கு அடர்ந்தது. கண்ணாடிக் குழாயில் 76 சென்டிமீட்டரில் நின்றது. 76 சென்டிமீட்டரை 13.6 ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 10.3 மீட்டர் வரும்.

இந்த 34 அடி ஏட்டுக் கணக்கு. குழாயின் உராய்வு, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வின் தடை, இணைப்புகளில் கசிந்து நுழையும் காற்று எல்லாவற்றையும் கழித்தால் 20 அடிக்கு மேல் நம்ப வேண்டாம். கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்குங்கள், இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டார் போடுங்கள். எச்.பி. கணக்கெல்லாம் பம்புக்குப் பிறகு தண்ணீரை எவ்வளவு உயரம், எவ்வளவு அளவு தள்ள வேண்டும் என்பதற்குத்தான்.

இறக்குவது மின்மோட்டாராக மட்டும் இருக்கட்டும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

உடுமலை: எனக்கும் அதே பிரச்சினை. 40 அடி. 10 எச்.பி. போதுமா?

மேலே பல்லடத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

ஊட்டி: எங்கள் ஊரில் 20 அடியே ஏற மாட்டேன் என்கிறது. பம்பு கோளாறா?

பம்பைக் குறை சொல்லாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் காற்றே குறைவு. அங்கே அது சுமார் 8 மீட்டர் நீரைத்தான் தாங்கும். நடைமுறையில் 15 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிப்பதும் அதனால்தான். பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கல் 1648-இல் தன் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு பிரான்ஸில் ஒரு மலைமேல் ஏறச் சொன்னார். உச்சியில் பாதரசம் இறங்கி நின்றது. நீங்கள் மலை ஏறாமலேயே அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கோத்தகிரி இல்லத்தரசி: மார்கழியில் சமையல் சிலிண்டர் தீரப்போகும்போது அடுப்பு மந்தமாக எரிகிறது. வெந்நீரில் நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த நீர்மம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் சுழியத்தை ஒட்டிக் கொதிக்கும். எனவே புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறுகிறது. கடைசியில் பெரும்பாலும் பியூட்டேன்தான் மிஞ்சும். குளிரில் அதற்கு அழுத்தம் எழும்பாது. சிலிண்டரைச் சூடாக்குவது ஆபத்து, பகல் வரை பொறுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதையும் மறக்காதீர்கள். கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். 

பட்டுக்கோட்டை ஆசிரியர்: பம்பு இழுக்காது, 34 அடிக்கு மேல் ஏறாது என்கிறீர்கள். என் தோப்பில் 70 அடி தென்னை நிற்கிறது. உச்சிக் குருத்துக்கு யார் தண்ணீர் ஏற்றுகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். பம்பு இழுக்காது என்றுதான் எழுதினேன். மரம் இழுக்கும். 100 மீட்டரைத் தாண்டும் ரெட்வுட் மரங்களும் அப்படித்தான் வாழ்கின்றன.

இலையின் உயிரணுச் சுவர்களில் நானோமீட்டர் கணக்கில் நுண்துளைகள் உண்டு. நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு துளையிலும் நீர்ப்பரப்பு உள்வளைகிறது. பரப்பு இழுவிசை அதை நிமிர்த்தப் பார்க்கிறது. அந்த இழுப்பு, அறாத நீர்த்தம்பத்தின் வழியே வேர்வரை இறங்குகிறது. இந்த விளக்கத்தை அயர்லாந்து அறிவியலாளர்கள் டிக்சனும் ஜோலியும் 1894-இல் முன்வைத்தார்கள். மரத்துக்குள் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போகிறது. நண்பகலில் பல மரங்களில் மைனஸ் 10 காற்றழுத்தத்தையும் தாண்டும். கலிலியோவின் கயிறு பம்பில் தோற்றது, மரத்தில் வேலை செய்கிறது.

தஞ்சாவூர்: தவறு. வேர்தான் தள்ளுகிறது. வெட்டிய தண்டிலிருந்து நீர் வடிவதைப் பார்த்ததில்லையா?

பார்த்திருக்கிறேன். வேரழுத்தம் உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு காற்றழுத்தத்தோடு நின்றுவிடும், அதுவும் நீராவிப்போக்கு அடங்கிய இரவில். உச்சிவெயிலில் இலைகள் அதிக நீரைக் கேட்கும் நேரத்தில் அது கைகொடுப்பதில்லை.

மன்னார்குடி: எதற்கு இவ்வளவு சுற்று? நுண்குழாயில் நீர் தானாக ஏறும், அவ்வளவுதானே?

கணக்குப் போடுங்கள். நீர் ஏறும் உயரம் மில்லிமீட்டரில் வேண்டுமென்றால், 15-ஐக் குழாயின் ஆரத்தால் வகுக்க வேண்டும், ஆரமும் மில்லிமீட்டரில். தண்டின் நீர்க்குழாய் ஆரம் 0.025 மி.மீ. என்று வைத்தால் 60 சென்டிமீட்டர் வருகிறது. தென்னங்கன்றுக்கே போதாது. தூக்கிநிறுத்துவது இலையின் நுண்துளை, தண்டின் குழாய் அல்ல.

பட்டுக்கோட்டை ஆசிரியர்: அப்படியானால் மரம்போல இழுக்கும் பம்பைச் செய்துவிடலாமே?

ஒரு குமிழி போதும், கதை முடிந்துவிடும். கிணற்று நீரில் கரைந்த காற்று இருக்கிறது. இரும்புக் குழாயின் ஒவ்வொரு கீறலும் குமிழி பிறக்கும் இடம். மரத்திலும் குமிழி வரும். வறட்சியில் தம்பம் அறும் ஒலியை நுண்கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் மரத்துக்கு ஆயிரக்கணக்கில் குழாய்கள், நடுவே சல்லடைத் தடுப்புகள். ஒன்று போனால் அடுத்தது. உங்களிடம் இருப்பது ஒரே குழாய்.

காங்கேயம்: 42 அடி கிணறு, 12.5 எச்.பி...

இல்லை.

ஈரோடு சாயப்பட்டறை: 80 டிகிரி வெந்நீர் எடுக்கும் பம்புக்குள் ஜல்லி போட்டு உருட்டுவதுபோல் சத்தம். திறந்து பார்த்தால் இம்பெல்லர் (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) அரித்திருக்கிறது. கல் எதுவும் இல்லை.

கல் இல்லை, ஆவிக்குமிழி. 80 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் ஏறக்குறையப் பாதிக் காற்றழுத்தம். சக்‌ஷனில் அழுத்தம் சற்றே குறைந்தாலும் நீர் அங்கேயே கொதிக்கிறது. குமிழிகள் இம்பெல்லருக்குள் அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் சுருங்கி வெடித்து உலோகத்தைக் கொத்துகின்றன. தொட்டியைப் பம்புக்கு மேலே வையுங்கள், நீர் தானாக இறங்கி வரட்டும். சக்‌ஷன் குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் போடுங்கள்.

தாராபுரம்: மோட்டாருக்கு மானியம் உண்டா?

வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒட்டன்சத்திரம்: பாழுங்கிணற்றைத் தூர்வாரப் போகிறோம். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்கிறார் தாத்தா.

போதாது. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும். எரிந்தால் எதுவும் தெரியாது. ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடிலும் விளக்கு நன்றாகவே எரியும். மீத்தேன் இருந்தால் விளக்கே தீ வைத்துவிடும். ஊதுவிசிறியால் அடிவரை காற்றைச் செலுத்துங்கள், வாயு அளக்கும் கருவி உள்ளவர்களை அழையுங்கள். இறங்குபவர் இடுப்பில் பாதுகாப்பு வாரும் கயிறும் இருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை மேலே ஆட்கள் பிடித்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக் கூடாது. கயிற்றை இழுங்கள், 101-க்குப் பேசுங்கள். தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினை உள்ளே இறக்குவதாக இருந்தால், அதை இப்போதே கைவிடுங்கள்.